குப்பை அட்டைகளின் பதவி உயர்வு

மேஜிக் என்ற அட்டை ஆட்டத்தின் பாக்கெட்டை அந்நாளில் கிழித்தால் உள்ளே வழக்கமாகப் பதினைந்து அட்டை. பதினொன்று காமன், மூன்று அன்காமன், ஒன்று ரேர். 1990களின் நடுவில் சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பையன்களுக்கு இது பதினாறாம் வாய்ப்பாட்டைவிட நன்றாகத் தெரிந்த கணக்கு. பாக்கெட்டைத் திறந்ததும் எவனும் முதல் அட்டையிலிருந்து பார்க்க மாட்டான். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போய் ரேரைத் தேடுவான். கிடைத்தது நல்லதாக இருந்தால் ஒரு கூச்சல். இல்லாவிட்டால் மலாய் மொழியில் ஒரு கெட்ட வார்த்தை. மற்றவை அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசையின் மேலேயே கிடக்கும். சாயங்காலம் துப்புரவு செய்ய வரும் பாட்டி அவற்றையும் டிஷ்யூ தாளையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவார்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1993-இல் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணித முனைவர். இரண்டு மந்திரவாதிகளுக்குச் சண்டை, ஆளுக்கு இருபது உயிர்ப்புள்ளி. குறைந்தது அறுபது அட்டைகளில் உங்கள் சீட்டுக்கட்டை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். நில அட்டைகள் தரும் மனா என்ற சக்தியைச் செலவழித்து மந்திரம் விட வேண்டும். அடிப்படை நிலங்களைத் தவிர, ஒரே பெயருள்ள அட்டை நான்குக்கு மேல் வைக்கக்கூடாது. இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் காசு அதில்தான் இருக்கிறது.

ஆரம்ப கால விதிப் புத்தகத்தில் பந்தயம் என்றே ஒரு பகுதி உண்டு. ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஓர் அட்டையைப் பணயமாக வைத்து, ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. சூதாட்டம் ஒரு பக்கம், பேய் பிசாசுப் படங்கள் மறுபக்கம். சாமி அலமாரி இருக்கிற கூடத்துக்குள் அட்டை வரக்கூடாது என்று உத்தரவு போட்டார். பள்ளியில் பார்த்த ஆசிரியர்கள் பறித்துக்கொண்டார்கள். ஆகவே சிங்கப்பூரில் மேஜிக் வளர்ந்த இடம் புளோக்குகளின் கீழ்த்தளம் என்று சொன்னால் தப்பில்லை.

எங்கள் குடும்பத்தில் மேஜிக்கின் மகாராஜா பெரியப்பா மகன். எனக்கு அண்ணன், நான்கு வயது மூத்தவர். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பை வைத்த பிளாஸ்டிக் தாள்களை வளையக் கோப்பில் போட்டு, அதில் ரேர்களை மட்டும் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். முதல் பக்கத்தின் நடுவில் ஷிவன் டிராகன். மலை மேல் நிற்கும். ஆறு மனா கொடுத்தால்தான் இறங்கும், அதற்குள் ஆட்டம் பாதி முடிந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்கவே பையன்கள் வரிசை கட்டினார்கள். கையைக் கழுவிவிட்டு வந்தால்தான் அண்ணன் கோப்பைத் திறப்பார்.

எது ரேர், எது காமன் என்று அட்டையைப் பார்த்து அப்போது கண்டுபிடிக்க முடியாது. இது இன்றைய பிள்ளைகளுக்கு நம்பவே முடியாத செய்தி. 1998-இல் எக்ஸோடஸ் என்ற அட்டைத் தொகுதி வந்த பிறகுதான் அட்டையில் இருக்கும் தொகுதிச் சின்னத்துக்கு நிறம் கொடுத்தார்கள்: காமனுக்குக் கறுப்பு, அன்காமனுக்கு வெள்ளி, ரேருக்குத் தங்கம். அதற்கு முன்னால் ஸ்க்ரை, இன்க்வெஸ்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகைகளில் வரும் விலைப்பட்டியல்தான் வேதம். எங்களுக்குக் கிடைத்தது அதன் நகலின் நகல். எட்டா மூன்றா என்று தெரியாத அளவுக்கு மை பரவியிருக்கும். அந்தத் தெளிவின்மையில் அண்ணன் நல்ல வியாபாரம் செய்தார். தாள் யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் எண்.

எங்கள் கூட்டத்தில் அட்டைகளைப் பொறுக்குகிற ஒருவன் இருந்தான். வழக்கநிலைத் தொழில்நுட்ப வகுப்புப் பையன். அந்தப் பிரிவே 1994-இல்தான் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வயதில் எழுதும் ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து இவன் விரைவுநிலை, அவன் வழக்கநிலை என்று பிரித்துவிடுவார்கள். அதற்கப்புறம் சீருடை ஒன்று, கட்டடம் ஒன்று, சொந்தக்காரர்கள் கேட்கும் தொனி மட்டும் வேறு. அட்டைக்கு நிறம் பூச 1998 வரை காத்திருந்தது அமெரிக்கக் கம்பெனி. நம் கல்வி முறை அவ்வளவு பொறுமைசாலி அல்ல.

அவனிடம் பாக்கெட் வாங்கக் காசு இருந்ததில்லை. நாங்கள் மேசையில் விட்டுவிட்டுப் போனதை, பாட்டி வருவதற்குள் எடுத்து வைத்துக்கொள்வான். அப்படியே ஒரு சிவப்புக் கட்டு சேர்த்தான். அதில் நான்கு லைட்னிங் போல்ட். ஒரே ஒரு மனா, மூன்று புள்ளி சேதம், கேள்வி முறை கிடையாது. கூடவே ஒன்றுக்கும் இரண்டுக்கும் இறங்குகிற பூதங்கள், ஓர்க்குகள். படங்கள் எல்லாம் அசிங்கம். ஒன்றுகூட ரேர் இல்லை. அண்ணனின் டிராகன் கையிலேயே உட்கார்ந்து ஆறாவது நிலத்துக்குக் காத்திருக்கும்போது, அண்ணன் மேசையில் செத்துப்போயிருப்பார்.

“இதெல்லாம் ஒரு ஆட்டமா? குப்பையை வச்சு அடிக்கிறான்” என்பார் அண்ணன்.

“குப்பைதானே அண்ணே, நீங்க போட்டதுதான்” என்பான் அவன், மரியாதை குறையாமல்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இது நடந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் படித்தோம். 1996-இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர் ஏறக்குறைய இதே மாதிரியான சிவப்புக் கட்டோடு வந்து இரண்டாம் இடம் பிடித்தார். கட்டை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். அயர்ன்கிளா ஓர்க்ஸ் போன்ற, யாரும் சீந்தாத காமன்கள் நிறைந்த கட்டு. முதல் சுற்றில் ஒரு மனா, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று என்று ஒரு துளிகூட வீணாக்காமல் செலவழிப்பதே அதன் ரகசியம். உலகம் முழுவதும் அந்த வகைக் கட்டுக்கு ஸ்லை என்றே பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் பையன் அட்லாண்டாவில் பிறந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கலாம். பிறக்கவில்லை. தேசிய சேவைக்குப் போகுமுன் எல்லா அட்டையையும் ஒரு கடையில் மொத்தமாகக் கொடுத்து, மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் வகுப்புக்குப் பாதிக் கட்டணம் தேற்றினான்.

இனி அந்த நான்கு என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு ரேரை எல்லாரும் ஆசைப்பட்டு ஒன்று வாங்குவார்கள். போட்டி ஆட்டத்துக்கு அவசியமான ஒரு காமனையோ அன்காமனையோ எல்லாரும் நான்கு வாங்க வேண்டும். நான்கு இல்லாமல் போட்டிக்குப் போவது ஒரு காலுக்கு மட்டும் செருப்புப் போட்டுக்கொண்டு போவது போல. அச்சடித்தது எவ்வளவு என்பது ஒருமுறை முடிந்துபோன சங்கதி. தேவையோ ஆண்டுதோறும் வளரும். பழைய தொகுதிகளின் அச்சு எண்ணிக்கை சிறியது என்பதால், அன்றைய அன்காமன் இன்றைய ரேரைவிட அரிது. இது அண்ணனின் கோப்பில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

சிறந்த எடுத்துக்காட்டு ஃபோர்ஸ் ஆஃப் வில். 1996 ஜூனில் வந்த அலையன்சஸ் தொகுதியின் அன்காமன். எதிராளியின் மந்திரத்தை ரத்து செய்யும். விலை ஐந்து மனா. அல்லது மனாவே கொடுக்காமல், ஓர் உயிர்ப்புள்ளியையும் கையிலிருக்கும் இன்னொரு நீல அட்டையையும் விட்டுக்கொடுக்கலாம். அண்ணன் அப்போதே வணிகவியல் மாணவர். “ஒண்ணைத் தடுக்க ரெண்டைக் கொடுக்கணுமாம். இது என்ன வியாபாரம்?” என்று தீர்ப்பளித்துவிட்டார். வியாபாரம் என்ற வகையில் சரிதான். ஆனால் நிலமே இறங்காத முதல் சுற்றிலேயே எதிராளி உங்களைக் கொன்றுவிடக்கூடிய போட்டிகளில், காசு கொடுக்காமல் “முடியாது” என்று சொல்லும் உரிமைக்கு என்ன விலையும் தகும். பழைய அட்டைகளை அனுமதிக்கிற வின்டேஜ், லெகசி ஆட்ட முறைகள் கவிழாமல் நிற்பதே இந்த ஓர் அட்டையால்தான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். 2010களின் நடுவில் அதன் விலை நூறு அமெரிக்க டாலரை ஒட்டிப் போய்விட்டது. நான்கு வேண்டும், மறக்காதீர்கள்.

அப்போது கம்பெனி என்ன செய்தது? 2008-இலேயே ரேருக்கு மேல் மிதிக் ரேர் என்று ஒரு புதிய சாதியை உண்டாக்கியிருந்தார்கள், ஆரஞ்சு நிறச் சின்னம். 2016 ஜூனில் எடர்னல் மாஸ்டர்ஸ் தொகுதியில் ஃபோர்ஸ் ஆஃப் வில்லை மறுபதிப்புச் செய்தபோது அதை நேரே மிதிக்கில் உட்கார வைத்தார்கள். சரியாக இருபது ஆண்டுகள். அட்டையில் இருக்கும் விதியில் எந்த மாற்றமும் கிடையாது. அதே ஐந்து மனா, அதே ஓர் உயிர்ப்புள்ளி. அரசு அலுவலகத்தில்கூட இப்படிப் பதவி உயர்வு கிடைக்காது. அதே தொகுதியில் வேஸ்ட்லேண்ட், 1997-இன் அன்காமன், ரேர் ஆனது. பிரெய்ன்ஸ்டார்ம், 1995-இன் காமன், அன்காமன் ஆனது. மறு ஆண்டு 1994-இன் மனா டிரெய்ன் மிதிக் ஆயிற்று. செரா ஏஞ்சல் என்ற தேவதையின் கதை இன்னும் உருக்கம்: முதல் பதிப்பில் அன்காமன், 2001-இல் ரேர் பதவி, 2009-இல் மறுபடியும் அன்காமன். ஓய்வூதியம் உண்டா என்று தெரியவில்லை.

ஆடுகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்து, அதை அடுத்த பாக்கெட்டில் கிடைக்க அரிதாக்குவது. இதற்கு மரியாதையான பெயர் மறுபதிப்புக் கொள்கை.

எல்லாக் காமனுக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹிம் டு தூராக் என்று ஒரு கறுப்பு அட்டை. இரண்டு மனாவுக்கு எதிராளியின் கையிலிருந்து இரண்டு அட்டையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கும். 1996-இல் கறுப்புக் கட்டுகள் போட்டிகளை ஆட்டிப்படைத்தபோது முன்னணியில் நின்ற அட்டை இது. ஆனால் அது வெளிவந்த ஃபாலன் எம்பயர்ஸ் தொகுதியை 1994-இல் தேவைக்கு மேல் அச்சடித்துத் தள்ளியிருந்தார்கள். கடைகளில் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. போதாக்குறைக்கு ஹிம்முக்கு நான்கு வெவ்வேறு படங்கள். வெற்றி எவ்வளவு கொடுத்தாலும் விலை ஏறவில்லை.

சில காமன்களுக்கு விலைக்குப் பதிலாகத் தடை கிடைத்தது. 2003, 2004-இல் வந்த மிரடின், டார்க்ஸ்டீல் தொகுதிகளின் உலோக நிலங்கள் ஐந்து காசு பெறாத அட்டைகள். அவற்றை வைத்துக் கட்டிய கட்டு போட்டிகளை விழுங்கிவிட்டது. ஆட்கள் ஆட்டத்தை விட்டே போனார்கள். 2005 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் எட்டு அட்டைகளைத் தடை செய்தபோது, அதில் ஏழு காமன். டிராகனை யாரும் தடை செய்ததில்லை. அதற்கு அவசியமே வந்ததில்லை.

இப்போது அக்கா மகன் ஆடுகிறான். பதினைந்து வயது. அவன் வகுப்பில் விரைவுநிலை, வழக்கநிலை கிடையாது. 2024 முதல் அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள், இப்போது பாட வாரியாக ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை. அட்டைகளில் அந்தச் சீர்திருத்தம் இன்னும் வரவில்லை. கடை குளிரூட்டப்பட்டது. மேசை மேல் ரப்பர் விரிப்பு, அட்டைக்கு உறை, உறைக்கு மேல் இன்னோர் உறை. பாக்கெட்டை அவன் திறக்கும் அழகே வேறு. ரேரை ஒரு பார்வை, அவ்வளவுதான். பிறகு காமன்களைத் திருப்பி ஒவ்வொன்றாகப் படிக்கிறான் என்று நான் மகிழ்ந்துபோய்ப் பார்த்தால், படிக்கவில்லை. கைப்பேசியை மேலே பிடித்து விலை பார்க்கிறான்.

“மாமா, இந்தக் காமன் ரெண்டு வெள்ளி. ரேர் முப்பது காசு.”

“அது என்ன செய்யும்?”

“எது?”

“அந்த அட்டை.”

“தெரியல மாமா. நாலு பேர் வாங்குறாங்க.”

எங்கள் தாளில் எட்டா மூன்றா என்ற சந்தேகமாவது இருந்தது. இவனுக்கு அந்த இன்பமும் இல்லை. வார இறுதியில் ஏதோ ஒரு நாட்டில் நடக்கும் போட்டியில் எவரோ ஒருவர் ஒரு மூலைக் காமனை நான்கு வைத்து இறுதிச் சுற்றுக்குப் போனால், திங்கட்கிழமை காலை இவன் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே விலை ஏறியதைச் சொல்கிறான். கல் மேசையில் விட்டுப்போன குப்பை இப்போது ஆயிரம் அட்டை என்று பெட்டிக் கணக்கில் விற்பனைக்கு வருகிறது. அதைப் பொறுக்குவதற்கென்றே பெரியவர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் பையன் காலத்துக்கு முன்னால் பிறந்தவன்.

காமன்களை மட்டுமே வைத்து ஆடும் முறையும் இருக்கிறது. பெயரே பாப்பர், பரம ஏழை. 2008-இல் கணினி ஆட்டத்தில் அதிகாரபூர்வமானது. 2019-இல் காகித அட்டைக்கும் ஒரே பட்டியலாக அங்கீகாரம் கொடுத்தார்கள். அந்த அங்கீகாரத்தோடு சேர்ந்தே ஹிம் டு தூராக்குக்குத் தடை. கால் நூற்றாண்டாக விலை ஏறாமல் உழைத்த அட்டை, ஏழைகளின் சங்கத்தில் சேர வந்த அன்றே வாசலில் நிறுத்தப்பட்டது. மற்றபடி ஏழைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். சாதாரணமாக ஐம்பது, நூறு டாலரில் முடிகிற கட்டை, ஜப்பானிய மொழிப் பளபளப்பு அட்டைகளாகத் தேடித் தேடி மாற்றி, பல நூறுக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். அக்கா மகன் ஏழைகளின் ஆட்டத்துக்குச் சேமித்துக்கொண்டிருக்கிறான். தீபாவளிக்கு யார் எவ்வளவு கொடுத்தாலும் அங்கேதான் போகும்.

அண்ணன் இப்போது வங்கியில் பெரிய பதவி. ஷிவன் டிராகன் பதிப்புக்குப் பதிப்பு அச்சாகி, புதிய பிரதிகள் சில காசுக்குக் கிடைக்கின்றன. அவர் கோப்பின் பழைய பிரதி நினைவுப் பொருளாக அலமாரியில். பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் முதலீடு என்ற முறையில் ஃபோர்ஸ் ஆஃப் வில்லின் பழைய பிரதிகள் நான்கு வாங்கினார். அமெரிக்காவுக்கு அனுப்பி, பத்துக்கு எத்தனை என்று தரம் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் நிரந்தரமாக அடைத்து வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த அட்டைகளால் ஆட முடியாது. உடைத்தால் தரம் போச்சு. ஆடினார்கள் என்பதற்காக விலை ஏறிய அட்டை, விலை ஏறியது என்பதற்காக ஆட்டத்தைவிட்டுப் போய்விட்டது. அண்ணனிடம் சொன்னால், தங்கத்தை யாரும் தின்பதில்லை என்கிறார்.

போன தீபாவளி மதியம் சாப்பாடு முடிந்ததும் நால்வர் ஆடும் கமாண்டர் ஆட்டம் போட்டோம். அக்கா மகன், அவனுடைய சீன நண்பன், அண்ணன், நான். முறுக்குத் தட்டை அக்கா மேசைக்குப் பக்கத்தில் விடவில்லை. எண்ணெய்க் கை அட்டையில் படக்கூடாதாம், பையனின் உத்தரவு. இரண்டாவது சுற்றிலேயே அவன் ரிஸ்டிக் ஸ்டடியை இறக்கப் பார்த்தான். 2000-இல் வந்த பிராஃபெசி தொகுதியின் காமன். இருவர் ஆட்டத்தில் யாரும் மதிக்கவில்லை, ஏனென்றால் எதிராளி மந்திரம் விடும்போது ஒரு மனா கூடுதலாகக் கட்டிவிட்டால் இதற்கு வேலை இல்லை. கட்டாவிட்டால் இதன் சொந்தக்காரர் ஓர் அட்டை உருவிக்கொள்ளலாம். ஆனால் எதிரில் மூன்று பேர் இருந்தால், மூன்று பேரும் ஒவ்வொரு முறையும் கட்டுவார்களா? மனித இயல்பின் மேல் கட்டிய அட்டை அது. கமாண்டர் பரவியதும் அந்தக் காமன் பல பத்து டாலருக்குப் போய், 2020-இல் ரேராகவே அச்சாயிற்று. அதை வைத்திருப்பவன் ஆட்டம் முழுக்க, வரி வசூலிப்பவன் மாதிரி, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நீல அட்டையை ஒதுக்கி வைத்து, ஓர் உயிர்ப்புள்ளியைக் குறைத்துக்கொண்டு, கம்பீரமாக ஓர் அட்டையைப் போட்டார். “ஃபோர்ஸ் ஆஃப் வில். கேன்சல்.”

அக்கா மகன் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தான். உள்ளே ஒரு நிலத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, நீல பேனாவில் பெயர் எழுதியிருந்தது.

“இது என்ன பெரிய மாமா?”

“ஒரிஜினல் லாக்கர்ல இருக்குடா. ஒண்ணு இல்ல, நாலு இருக்கு. ரசீது காட்டவா?”

“அப்ப லாக்கர்ல போய் கேன்சல் பண்ணுங்க.”

கடைப் போட்டியில் நகல் அட்டை செல்லாது. வீட்டில் மேசையில் இருப்பவர்கள் சம்மதித்தால் செல்லும். சீன நண்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாக்கெடுப்புக்கு விட்டான். நான் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கையைத் தூக்கினேன். மூன்றுக்கு ஒன்று. ரிஸ்டிக் ஸ்டடி இறங்கியது.

அடுத்த சுற்றில் அண்ணன் ஒரு மந்திரத்தை எடுத்ததும் பையன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஒண்ணு கட்டுறீங்களா, பெரிய மாமா?”

அண்ணன் கட்டினார்.